வலப்பக்கம் ஏறிய வெளிச்சம்

ஹிஷாமை அடக்கம் செய்த நாளிலிருந்து றோலண்ட் கார்ச் சாவியைத் தொடவே இல்லை. சாவி, அந்தோனியார் படத்துக்குக் கீழே ஆணியில் தொங்கியது. மாலை ஜெபத்துக்கு முழந்தாளிடும்போது அப்பா கண்களை இறுக மூடிக்கொள்வது பக்தியால் அல்ல, அந்தச் சாவியைப் பார்க்காமலிருக்கத்தான் என்று ஜொய்சி நினைத்துக்கொள்வாள்.

நடந்தது என்னவென்று டயகமப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. கட்டாரில் வேலை செய்யும் மகன் மிலான் லீவு முடிந்து திரும்பிய நாள் அது. அவனை ஹட்டனில் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு றோலண்ட் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். மழையும் மூடுபனியுமாக இருந்த அந்திநேரம். அக்கரப்பத்தனை பஸாரைத் தாண்டிய வளைவில் எதிரே வந்த மோட்டார் சைக்கிள், காரின் மேல் ஒரு கீறல்கூடப் போடாமல், பாதையை விட்டு விலகிப் பள்ளத்துத் தேயிலைக்குள் போய் விழுந்தது. றோலண்ட் பதறிக் காரை இடப்பக்கம் வெட்டி மண்மேட்டில் மோதி நிறுத்திவிட்டு இறங்கி ஓடினார்.

விழுந்து கிடந்தவன் ஹிஷாம். பஸாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நஸார் முதலாளியின் ஒரே மகன். மிலானோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்தவன். றோலண்டின் மடியில்தான் அவன் உயிர் போனது.

பையன் வேகமாக வந்து வழுக்கிவிட்டான் என்று விசாரணை முடிந்தது. ஊரும் அப்படியே பேசிக்கொண்டது. அடுத்த வாரம் நஸார் முதலாளியே தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறி வந்தார். வாசலில் நின்றபடியே றோலண்டின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, என் மகன் வேகமா வந்து உங்களுக்கு இந்த வயசில இப்படியொரு பயத்தைக் குடுத்துட்டான், அவனுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறேன் என்றார். அவர் போன பிறகு றோலண்ட் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

அது அதிர்ச்சி என்று எல்லோரும் சொன்னார்கள். ஜொய்சியும் அப்படித்தான் நம்பினாள். இந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும்.

*

காலையில் அம்மா இராசம்மா மலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கிளம்பும்போதே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. காரை விற்கப்போவதாக றோலண்ட் சொன்னார். நானுஓயாவிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பார்க்க வருகிறாராம்.

இராசம்மா கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி கணவரைப் பார்த்தாள். அந்தப் பழைய சன்னி கார் அவர்கள் வீட்டில் இன்னொரு பிள்ளை மாதிரி. பிரசவ வலி என்றாலும் நெஞ்சுவலி என்றாலும் தோட்டத்தின் மூன்று டிவிசன்காரர்களும் முதலில் தட்டியது றோலண்டின் கதவைத்தான். ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிட்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

பள்ளிக்கூட விடுமுறை. டீச்சராக இருக்கும் ஜொய்சி வீட்டில்தான் இருந்தாள். உடைந்த முன் விளக்கோடு காரைக் காட்டினால் வருகிறவர் முகம் சுளிப்பார், நானே ஹட்டனுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து மாட்டிவிடுகிறேன் என்றாள். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்திலிருந்து அவளும் கார் ஓட்டுகிறவள். பல்ப் மாற்றுவதும் பிளக் கழற்றுவதும் அப்பாவின் பக்கத்தில் நின்று பழகியவைதான்.

றோலண்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மாத்துறதுன்னா ரெண்டையும் மாத்திரு."

"வலது பக்கம் நல்லாத்தானே இருக்கு? அது மிலான் கொண்டாந்ததுப்பா."

"ரெண்டையும் மாத்துன்னா மாத்து."

ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை. அப்போதே அவள் யோசித்திருக்க வேண்டும். ஆனால் மிலானின் நினைவில் அவளுக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

அந்த விளக்குகள் வந்த கதை அப்படிப்பட்டது. காரோடு வந்த பழைய விளக்குகளுக்குள் ஈரம் இறங்கி, உள்ளே கண்ணாடி போல இருந்த வெள்ளிப்பூச்சு உரிந்துபோயிருந்தது. வெளிச்சம் வெந்தயம் ஊறிய தண்ணீர் போல மஞ்சளாக, பாதையில் விழுவதற்கு முன்பே களைத்துவிடும். றோலண்ட் மாதத்துக்கு ஒருமுறை அவற்றைக் கழற்றி, அடுப்படியில் காயவைத்து, ரப்பர் மூடியைச் சுற்றி மெழுகு தடவித் திரும்ப மாட்டுவார். புதிய பல்ப் போடுவார். பல்பின் கண்ணாடியில் விரல் பட்டால் சீக்கிரம் எரிந்துபோகும் என்று துணியால் பிடித்துத்தான் மாட்டுவார். என்ன செய்தும் மூடுபனியில் அது ஒரு குருட்டுக் கார்தான்.

அப்பா அந்தப் பாதையில் இரவில் ஓட்டுகிறாரே என்று கட்டாரில் மிலானுக்குத் தூக்கம் வராதாம். பழைய கார்களை உடைத்து விற்கும் இடத்தில், தன் விடுமுறை வெள்ளிக்கிழமைகளில் வெயிலில் அலைந்து, அதே மாதிரிக் காரின் முன் விளக்குகள் ஒரு சோடியைக் கண்டுபிடித்தான். உள்ளே வெள்ளி புத்தம் புதிதாக மின்னியது. விபத்துக்கு முந்திய தடவை லீவில் வந்தபோது அவற்றைக் கம்பளியில் சுற்றி, பெட்டியில் போட்டால் உடைந்துவிடும் என்று, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான். கட்டாருக்குத் திரும்புவதற்கு முதல்நாள்தான் மாட்டி முடித்தார்கள். சாயந்திரம் எரியவிட்டபோது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் வெளியே ஓடிவந்தார்கள். எதிர்மலையில் தேயிலை ஒவ்வொரு செடியாகத் தெரிந்தது. மிலான் அப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வெளிச்சத்தை எப்படித் தூக்கி எறிவது? ஜொய்சி ஹட்டனில் இடப்பக்க விளக்கை மட்டும் வாங்கினாள்.

*

தொழிற்சாலைக்குப் பின்னால் பழைய லொறிக் கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது. றோலண்ட் கார் நிறுத்துவது அங்கேதான். வெளியே மூடுபனி இறங்கி, பகல் மூன்று மணிக்கே கொட்டகைக்குள் கருக்கல் மாதிரி இருந்தது.

ஜொய்சி உடைந்த விளக்கைக் கழற்றினாள். பின்னாலிருக்கும் பிளக்கை உருவி, ரப்பர் மூடியை இழுத்து, கம்பிக் கொக்கியை விடுவித்துப் பல்பை எடுத்தாள். ஸ்குரூக்கள் துருப்பிடித்திருந்தன. மண்மேட்டில் மோதிய அன்றைய செம்மண் இன்னும் உள்ளே காய்ந்துகிடந்தது. அதைத் துடைக்கும்போது அவள் கை கொஞ்சம் நின்றது. பிறகு புதிய விளக்கை வைத்து முடுக்கினாள்.

வலப்பக்க விளக்கையும் துடைத்தாள். அதன் கண்ணாடியில் ஒரு மூலையில் முக்கோணமாக ஏதோ பிசின் ஒட்டிப் பிடித்திருந்தது. துணிக்கு அது வரவில்லை. ஏதோ மரத்துப் பால் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

காரின் மூக்கு கொட்டகையின் வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்றது. எஞ்சினை இயக்கி, விளக்கை டிம்மில் போட்டாள்.

சுவரில் இரண்டு வெளிச்சங்கள் விழுந்தன. இடப்பக்கத்து வெளிச்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறியது. வலப்பக்கத்து வெளிச்சம் வலப்பக்கமாகச் சாய்ந்து மேலே ஏறியது. நடுவில் இரண்டும் தாழ்ந்து சேர்ந்தன. ஒரு பெரிய வெள்ளைப் பறவை சிறகு விரித்து நிற்பதுபோல இருந்தது. எவ்வளவு அழகு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

பிறகுதான் ஏதோ உறுத்தியது. ஒரே காரின் இரண்டு விளக்குகள் ஏன் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன? இரண்டு கண்களும் ஒரே பக்கம் பார்த்தால்தானே முகம்.

சரியாக முடுக்கவில்லை என்று நினைத்து, விளக்கைத் திருப்பும் ஸ்குரூவைச் சுற்றினாள். வெளிச்சம் உயர்ந்தது, தாழ்ந்தது, நகர்ந்தது. ஆனால் சாய்வு மாறவில்லை. வலப்பக்கத்தின் சிறகு வலப்பக்கமாகவே ஏறி நின்றது.

சாக்கு ஒன்றை எடுத்து இடப்பக்க விளக்கை மூடினாள். மிலானின் விளக்கு மட்டும் எரிந்தது. சுவரின் இடப்பக்கம், பாதையில் சாக்கடையும் மண்மேடும் வரவேண்டிய பக்கம், இருண்டு கிடந்தது. வெளிச்சமெல்லாம் வலப்பக்கத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு மேலே ஏறி நின்றது.

வலப்பக்கம். எதிரே வருகிறவர்களின் பக்கம்.

காரைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, கொட்டகை வாசலில் மூடுபனியைப் பார்க்க நிறுத்தினாள். விளக்கு எரிந்தபடியே இருக்க இறங்கி, பாதை வழியாகத் தூரமாகப் போய்த் திரும்பி நின்றாள். பிறகு மோட்டார் சைக்கிள் ஒன்று வரும் பக்கத்திலே, அது வரும் வேகத்தில் அல்ல, ஒரு மனுசி நடக்கும் வேகத்தில், காரை நோக்கி நடந்தாள்.

மூடுபனி முழுவதும் வெள்ளையாகப் பற்றி எரிந்தது. பாதை இல்லை. கால் இல்லை. கையை முகத்துக்கு நேரே தூக்கினாள், கையும் இல்லை. பாதை இங்கேதான் இருக்கும் என்ற நினைப்பில் வைத்த அடுத்த அடி சாக்கடைக்குள் இறங்கியது. முழங்கால் சிராய்த்தது.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. ஹிஷாம் கடைசியாகப் பார்த்தது இந்த வெள்ளையைத்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

*

விளக்கை அணைத்துவிட்டு அவள் பானட்டில் சாய்ந்து நின்றபோது போன் அடித்தது. மிலான்.

வெள்ளிக்கிழமை, லீவு, சமையல் ஆகிக்கொண்டிருக்கிறது என்றான். பக்கத்தில் யாரோ பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் கால்வலி எப்படி, அப்பா சாப்பிடுகிறாரா என்று வழக்கம்போல விசாரித்தான். ஹிஷாம் போன பிறகு அவன் குரல் கொஞ்சம் தேய்ந்துபோயிருந்தது. ஆனால் இன்றைக்கு அதில் ஏதோ உற்சாகம் ஒளிந்திருந்தது.

"அக்கா, அப்பாவுக்குச் சொல்லாத. உடைஞ்ச பக்கத்துக்கு இன்னொரு லைட் கெடைச்சிருக்கு. அதே கடையிலதான். அடுத்த மாசம் ஊருக்குப் போற பிரண்டுகிட்ட குடுத்துவிடுறேன்."

ஜொய்சி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"இங்க காருக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம்தானே அக்கா. வண்டி ஓடுறதே ரோட்டுல வலப்பக்கம். டேஷ்போர்டு, வைப்பர் ஒண்ணும் நம்ம காருக்கு ஒத்துவராது. லைட் ஒண்ணுதான் அளவு அச்சு மாறாம அப்படியே பொருந்துது. அதுவும் நம்ம அதிர்ஷ்டம்தான்."

அளவு பொருந்தியது. ஸ்குரூ ஓட்டை பொருந்தியது. பிளக் பொருந்தியது. வலப்பக்கம் ஓடும் ஊரின் விளக்கு, அந்த ஊரின் பாதை ஓரத்தைத் தேடி, இங்கே எதிரே வருகிறவன் கண்ணில் ஏறியது.

"அக்கா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் தம்பி. இப்ப அனுப்பாத. அப்பா காரை எடுக்கிறதே இல்ல."

"எடுப்பாரு. வெளிச்சம் சரியா இருந்தா அவருக்குத் தைரியம் வந்துரும். அன்னைக்கு அந்த ஒரு லைட்டாவது நல்லா இருந்ததால்தான் அப்பா நமக்குத் தப்பிச்சாரு. நான் அதை நெனச்சிதான் மனசத் தேத்திக்கிறேன் அக்கா."

சிக்னல் இல்லை என்று சொல்லி அவள் போனை வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிசின் ஞாபகம் வந்தது. குனிந்து பார்த்தாள். அது மரத்துப் பால் அல்ல. வயர் சுற்றும் கறுப்பு டேப்பை வெட்டி ஒட்டி, பல தடவை உரித்த அடையாளம். விளக்கை எரியவிட்டு அந்த முக்கோணத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வலப்பக்கத்தில் உயர்ந்து நின்ற சிறகு அப்படியே மடங்கிக் கீழே போனது.

யாரோ இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். அவளைத் தவிர அந்தக் காரைத் தொடுகிறவர் வீட்டில் ஒருவர்தான்.

*

றோலண்ட் லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பாத்தியில் இருந்தார். மகள் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அவள் முழங்காலில் இருந்த இரத்தத்தைப் பார்த்தார். களைகொத்தியைப் பாத்தியிலே விட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுதான் மாத்தினியா?"

"ஆமாப்பா."

அவரே சொன்னார், மண்ணைப் பார்த்துக்கொண்டு.

அந்த விளக்குகளை மாட்டிவிட்டு மிலான் போன மறுநாள் இரவிலேயே எதிரே வந்த வாகனமெல்லாம் லைட்டை அடித்து அடித்துக் காட்டின. ஒரு பஸ்காரர் பக்கத்தில் நிறுத்தி, ஆளைக் கொல்லவா போகிறாய் என்று சிங்களத்தில் ஏசிவிட்டுப் போனார். ஸ்குரூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் றோலண்ட். கடைசியில் லிந்துலையில் ஒரு கராஜில் காட்டியபோது, இது வேற பக்கம் ஓடுற நாட்டு லைட், கழற்றி வீசுங்க என்றார்கள்.

வீசவில்லை. மிலான் ஒவ்வொரு தடவை போன் எடுக்கும்போதும் முதலில் கேட்பது அந்த விளக்கைத்தான். பகல் மாதிரி இருக்குடா என்று இவர் சொல்வார். அந்தப் பக்கத்தில் அவன் சிரிப்பது கேட்கும். அதனால் கறுப்பு டேப்பை முக்கோணமாக வெட்டி இரண்டு கண்ணாடிகளிலும் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். மழையில் உரிந்தால் இறங்கித் திரும்ப ஒட்டுவார். மிலான் லீவில் வருகிறான் என்றதும் டேப்பை எல்லாம் உரித்து, கண்ணாடியைப் பெற்றோலால் முடிந்தவரை துடைத்து வைத்தார். அவன் இருந்த நாட்களில் ராத்திரி வாடகை ஹயர் ஒன்றையும் எடுக்கவில்லை.

"அன்னைக்கும் வெளிச்சத்திலேயே வந்துரலாம்னுதான் போனேன். பஸ் சொணங்கிருச்சு. அவன் ஏறிப் போனப்பறம் பாத்தா இருட்டுது."

"டேப் கையில இல்லையாப்பா?"

"இருந்துச்சு."

"மறந்துட்டீங்களா?"

யாரோ ஒரு பெண் தூரத்தில் ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டு போனாள்.

"மறக்கல புள்ள. நல்ல மழை. மகன அனுப்பிட்டு வர்ற மனசு. எறங்க அலுப்பா இருந்துச்சு. அவ்வளவுதான்."

ஜொய்சி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவரைத் திட்ட நினைத்தாள், முடியவில்லை. அணைத்துக்கொள்ள நினைத்தாள், அதுவும் முடியவில்லை.

மிலானுக்குத் தெரியக் கூடாது என்றார் அவர். அதுதான் அவர் கேட்பது. தான் என்ன பாவத்தையும் சுமந்துகொள்வார். ஆனால் பிள்ளை தன் கூட்டாளியைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு அந்த வெயிலில் தனியாகக் கிடந்தால் என்ன ஆவான்? அங்கே அவனுக்கு யார் இருக்கிறார்கள்? காரை விற்றுவிட்டு, அந்த விளக்கை உடைத்துப் புதைத்துவிட்டால் எல்லாம் அவரோடு போய்விடும்.

அது நியாயமாகத்தான் அவளுக்கும் பட்டது. அவளும் மிலானைத் தூக்கி வளர்த்தவள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது நஸார் முதலாளியின் முகம் வந்தது. இந்த வாசலில் அப்பாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, இறந்த மகனுக்காகத் தலை குனிந்து நின்ற முகம்.

"அப்பா, ஹிஷாம் வேகமாத்தான் வந்தானா?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"கண்ணு கூசினதும் வேகத்தக் கொறைச்சான். அவன் லைட் தயங்கித் தயங்கி வந்தத நான் பாத்தேன். உருட்டிக்கிட்டு வர்ற மாதிரி வந்தான்."

"அத யாருக்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"அதச் சொன்னா, அப்ப ஏன் விழுந்தான்னு கேப்பாங்களே."

ஜொய்சி எழுந்தாள். தன் குரல் வகுப்பில் பேசுவதுபோல அமைதியாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. நம்ம பிள்ளைக்கு மனசு நோகக் கூடாதுன்னு அவங்க பிள்ளைக்குப் பழி. அத நஸார் முதலாளியே நம்பிக்கிட்டு இருக்காரு. இதை வச்சிக்கிட்டு நீங்க எப்படிப்பா ஞாயிற்றுக்கிழமை பூசையில நாக்க நீட்டி நன்மை எடுப்பீங்க?

றோலண்ட் மண் ஒட்டிய கைகளைப் பார்த்தபடி இருந்தார். பிறகு எழுந்து பீப்பாய்த் தண்ணீரில் கையைக் கழுவினார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீ ஓட்டு" என்றார்.

*

அக்கரப்பத்தனைக்குப் போகும் வழியில் அந்த வளைவு வந்தபோது அவர் தொப்பியைக் கழற்றினார்.

நஸார் கடையில் இருந்தார். வீட்டில் அவர் மனைவி றுக்கையா மட்டும். மகன் போன பிறகு அவள் உடம்பு பாதியாகிவிட்டது. வாங்க றோலண்ட் அண்ணே, வாங்க மகள் என்று அழைத்து உட்காரச் சொல்லி, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். ஹிஷாமின் ஹெல்மட் இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்கியது.

றோலண்ட் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். விளக்கு எங்கிருந்து வந்தது, அது என்ன செய்யும், தனக்கு எப்போது தெரியும், டேப், மழை, அலுப்பு. எதையும் விடவில்லை. நாளைக்குப் பொலிசுக்குப் போய் இதையே சொல்லப்போவதாகவும் சொன்னார். மிலானுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடைந்தது.

றுக்கையா முக்காட்டின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்ப, எங்கட புள்ள வேகமா வரல்லயா?"

"இல்லம்மா. மெதுவாத்தான் வந்தான். பாதையத் தேடிக்கிட்டு வந்தான்."

அவள் அழவில்லை. எழுந்து போய் ஜன்னலண்டை நின்றாள். முதுகு மட்டும் குலுங்கியது.

"அவன்ட வாப்பா இந்த வீட்டுல அவன்ட பேரையே எடுக்கிறதில்ல" என்றாள் வெளியே பார்த்தபடி. "நான் கெஞ்சிக் கெஞ்சி வேணாம் என்டு சொல்ல, அவர்தான் பைக் எடுத்துக் குடுத்தாரு. வேகமா ஓடி என்னைய ஏமாத்திட்டான் என்டு மட்டும்தான் ஒரு நாள் சொன்னாரு. பேர் சொல்லாம ஒரு புள்ளைக்கு எப்படி துஆ கேக்கிற?"

ஜொய்சி கதவுக்குப் பின்னால் தொங்கிய ஹெல்மட்டைப் பார்த்தாள்.

"அவருக்கு நான் சொல்றன். இன்டைக்கே சொல்றன்." றுக்கையா திரும்பினாள். றோலண்டின் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "உங்கள மன்னிச்சிட்டன் என்டு சொல்ல வாய் வருதில்ல அண்ணே. பொய் சொல்லக் கூடாதே. நீங்க வந்து சொன்னீங்க. அது போதும் இப்போதைக்கு."

றோலண்ட் தலை குனிந்தார். மிலானைப் பற்றி எதையோ கேட்க முயன்றார். கேட்க வந்தது என்ன என்று றுக்கையாவுக்கு விளங்கிவிட்டது.

"மிலான் ஒவ்வொரு வெள்ளியும் எனக்குக் கோல் எடுக்கிறான். உங்களுக்குத் தெரியுமா?"

இருவருக்கும் தெரியாது.

"உம்மா என்டுதான் கூப்பிடுவான். சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா என்டு ஹிஷாம் கேக்கிற மாதிரியே கேப்பான். சில நாளைக்கு நான் கண்ண மூடிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருப்பன்." அவள் முக்காட்டைச் சரிசெய்தாள். "அவனுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். சொல்றதோ விடுறதோ, அது என்ட கையில இருக்கட்டும்."

என்ன முடிவெடுப்பாள் என்று அந்த முகத்திலிருந்து படிக்க முடியவில்லை. கேட்பதற்கு அவர்களுக்கு உரிமையும் இல்லை. தொடாத தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. றோலண்ட் அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கோப்பையை இரண்டு கைகளாலும் வைத்தார்.

வெளியே மூடுபனி பஸார் வரைக்கும் இறங்கியிருந்தது. ஜொய்சி கார்க் கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"ஓ மகன்" என்றாள் றுக்கையா. "நான் நல்லா இருக்கன். நீங்க சாப்பிட்டீங்களா?"

றோலண்டின் கை கார்க் கதவின் மேல் அப்படியே நின்றது. ஜொய்சி சாவியைப் போட்டாள், திருப்பவில்லை. எஞ்சின் சத்தம் அந்தக் குரலை மூடிவிடும்.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு றுக்கையாவின் குரல் தாழ்ந்துபோனது. எவ்வளவு கவனித்தும் அவர்கள் இருவருக்கும் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.